பத்து நிமிடத்திற்குள் பதில்: நண்டு கம்பெனி நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகத்தில் இருக்கும் ஐயாமார்களுக்கு,

போன மாதம் 3ஆம் தேதி இரவு 9.50க்கு எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சுற்றறிக்கை போட்டீர்கள். காலை 5.30க்கு கொட்டகை வாசலில் நடக்கும் பேச்சு இனி கிடையாது, தகவல் எல்லாம் குரூப்பில்தான். குரூப்பில் வரும் செய்திக்கு பத்து நிமிடத்திற்குள் பதில் போட வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு தடவைக்கும் ஊக்கத்தொகையில் 50 ரூபாய் பிடிக்கப்படும், வாரக் கடைசியில் பெயர்ப் பட்டியலும் வரும். கொள்முதல் பார்க்கிறவர்களும் வேன் ஓட்டுகிறவர்களும் லைவ் லொகேஷனை அணைக்கக் கூடாது. கடைசியில், அனைவரும் 'ஓகே' என்று பதில் போடவும் என்று எழுதியிருந்தீர்கள்.

நானும் ஓகே போட்டேன். அந்த ஓகேயைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இந்த மடல்.

நான் இந்தக் கம்பெனியில் 11 வருடமாக இருக்கிறேன். முதல் ஆறு வருடம் கிலோ கூலிக்கு நண்டை உடைத்துச் சதை எடுத்தேன். இப்போது 38 பெண்கள் உட்காரும் கொட்டகைக்கு சூப்பர்வைசர். சுற்றறிக்கை வந்த பிறகு மூன்று தடவை உங்களைப் பார்க்க நேரம் கேட்டேன். மூன்று தடவையும் 'குரூப்பில் போடுங்கள்' என்றுதான் பதில் வந்தது. 60 பேருக்கு மேல் பார்க்கும் இடத்தில் போட வேண்டிய விஷயம்தான் என்றால், ஊர் பார்க்கவே எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயரை எழுதவில்லை. மண்டபத்திலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கரையில் எத்தனையோ கொட்டகைகளில் இதே கதைதான் ஓடுகிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் போனுக்கு விரோதி கிடையாது. பட்டன் போன் இருந்த காலத்தில் தேவிபட்டினத்திலிருந்து வண்டி கிளம்பிவிட்டதா என்று தெரியாமல் அடுப்பைப் பற்றவைத்துக் காத்துக் கிடந்திருக்கிறோம். இன்றைக்கு எந்தக் கரையில் எத்தனை கிலோ என்று காலையிலேயே தெரிகிறது. எந்தப் படகு, எந்தக் கரை, எந்த நாள் என்று கணக்கு இருந்தால்தான் வெளிநாட்டுக்காரன் சரக்கைத் தொடுவான் என்பதும் எனக்குத் தெரியும். பிடித்த விவரத்துக்குச் சான்று இல்லாத கடல் மீனை 2010லிருந்தே ஐரோப்பா உள்ளே விடுவதில்லை. அதற்காக நீங்கள் கேட்கிற போட்டோ, எடைச் சீட்டு எதையும் நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக ஏற்றியதிலிருந்து உங்களுக்கு இருந்த நெருக்கடியும் எங்களுக்குத் தெரியும். டப்பாவில் அடைத்த நம் நண்டுச் சதை போவதே பெரும்பாலும் அங்கேதான். அந்த மாதங்களில் கிலோக் கூலியை ஏற்றச் சொல்லி எங்களில் ஒருத்தி கூட வாய் திறக்கவில்லை. அதை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி கொட்டகைக்குள் வாருங்கள்.

உள்ளே போகும் வாசலில் கை கழுவும் குழாய், அடுத்து குளோரின் தண்ணீர், அதைத் தாண்டினால் காலை நனைத்துப் போகும் தொட்டி. தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், கைக்கு உறை, இடுப்புக்கு ஏப்ரன். மோதிரம், வளையல், பூ எதுவும் கூடாது. போன் கண்டிப்பாகக் கூடாது. சுவரில் படம் போட்டு ஒட்டியிருப்பது நீங்கள்தான். அது நியாயமான விதி, நானே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படியிருக்க, பத்து நிமிடத்திற்குள் பதில் போட நான் எங்கே போவேன்? போன் வெளியே ஜன்னல் திண்டில் இருக்கிறது. அது சத்தம் போட்டால் உறையைக் கழற்றி, வெளியே வந்து, பார்த்து, ஓகே போட்டு, மறுபடி கை கழுவி, குளோரினில் முக்கி, காலை நனைத்து, புது உறை மாட்டி உள்ளே வர ஆறேழு நிமிடம் ஆகிறது. போன வாரம் ஒரு நாள் எண்ணினேன். ஒரே ஷிஃப்டில் 14 தடவை வெளியே வந்திருக்கிறேன். அதில் என் வேலைக்கு வேண்டிய செய்தி இரண்டு. அதாவது ஒன்றரை மணி நேரம் கொட்டகையில் சூப்பர்வைசர் இல்லை.

அதே நாள் காலை 5 மணியிலிருந்து இரவு 10 வரை கம்பெனி வைத்திருக்கும் ஐந்து குரூப்பிலும் சேர்த்து 286 செய்திகள். எனக்கானவை என்று பிரித்துப் பார்த்தால் முப்பதைத் தாண்டவில்லை. மிச்சமெல்லாம் ஒருவர் போட்டதற்கு மற்றவர்கள் போட்ட ஓகே, கைகூப்பும் படம், ஒரு குரூப்பில் வந்ததை இன்னொன்றுக்குத் தள்ளிவிட்டது. ஓகே போடாவிட்டால் 50 ரூபாய் போகும் என்பதால் எல்லாரும் போடுகிறார்கள். அந்தக் குப்பைக்குள் ஐஸ் லாரி வராது என்கிற செய்தியும் கிடக்கிறது.

என் மகள் மதுரையில் நிர்வாகவியல் படிக்கிறாள். இதையெல்லாம் சொல்லிப் புலம்பியபோது, இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்கிறார்கள் அம்மா என்று எடுத்துச் சொன்னாள். குளோரியா மார்க் என்று ஒரு அமெரிக்கப் பேராசிரியர். வேலைக்கு நடுவே அடிக்கடி குறுக்கிட்டால் என்ன ஆகும் என்று சோதித்து 2008இல் எழுதியிருக்கிறார். குறுக்கிடப்பட்டவர்கள் விட்ட நேரத்தைப் பிடிக்க வேலையை வேகமாகவே முடித்தார்களாம். ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் அவசரமும் கூடிவிட்டதாம். கேட்டபோது என் கொட்டகையைப் பார்த்து எழுதியது மாதிரி இருந்தது. எங்கள் எடைக் கணக்கு குறையவில்லை, நீங்களும் அதைக் காட்டித்தான் எல்லாம் சரியாக நடக்கிறது என்கிறீர்கள். உள்ளே இருக்கிறவர்களின் முகத்தை எடைத் தராசு காட்டாது ஐயா.

நீங்கள் நிறுத்திய அந்தக் காலைப் பேச்சு என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாது. பார்த்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டீர்கள்.

5.30க்கு வேன் மூன்றும் வாசலில் நிற்கும். டீ கேனை யாராவது தூக்கி வருவார்கள். கொள்முதல் தம்பிகள் நாலு பேர், டிரைவர்கள், தரம் பார்க்கிற பிள்ளைகள் இரண்டு பேர், நான், முன்னாடியே வந்துவிட்ட பெண்கள் ஏழெட்டுப் பேர். பதினைந்து நிமிடம்தான். "வாடைக்காத்து கடுமையா இருக்கு, வடகடல்ல நேத்து வலை போடல, தென்கடல் நண்டுதான் வரும்" என்று ஒருத்தர். "பௌர்ணமி நண்டு, சதை இருக்காது, கிலோ பார்த்து எடுங்க" என்று இன்னொருத்தர். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் 61 நாள் கரையில் கட்டிக் கிடக்கும்போது, எந்தக் கரையில் எத்தனை நாட்டுப்படகு போகும் என்று அங்கே நின்றுதான் கணக்குப் போடுவோம். அன்றைக்கு எவ்வளவு ஐஸ், எத்தனை பேர் வேண்டும், யாருக்குப் பிள்ளை உடம்பு சரியில்லை, எல்லாம் அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு நாள் டிரைவர் தம்பியின் கண் சிவந்திருந்தது. என்னடா என்றேன். "ஒண்ணுமில்லக்கா" என்றான். பக்கத்தில் நின்ற இன்னொரு டிரைவர், அவன் அப்பாவோடு ராத்திரி முழுக்க ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் இருந்திருக்கிறான் என்று சொன்னார். சாவியை அவர் வாங்கிக்கொண்டார், இவனைக் கொட்டகை பெஞ்சில் படுக்கவைத்தோம். இந்த மாதம் அதே தம்பி அதே மாதிரி ஒரு ராத்திரிக்குப் பிறகு, 'வண்டி கிளம்பலாமா' என்ற செய்திக்குக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறான். உச்சிப்புளி தாண்டி வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் பனை ஓரத்து மணலில் புதைந்து நின்றது. யாருக்கும் அடி இல்லை. நீங்கள் கேட்டதெல்லாம் 40 நிமிடம் லொகேஷன் ஏன் நகரவில்லை என்பதுதான்.

அந்த லொகேஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் ஒரு தடவை போட்டால் அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான் ஓடும். பிறகு மறுபடி போட வேண்டும். விடிகாலை கிளம்பி நாலு கரை சுற்றி, சாயங்காலம் தூத்துக்குடி பிளான்ட்டுக்குப் போகிறவன் சாயல்குடி தாண்டி இருட்டில் ஓட்டிக்கொண்டே போனைத் தட்ட வேண்டியிருக்கிறது. தனுஷ்கோடிப் பக்கம் போகிற கொள்முதல் தம்பிக்கு வேறு தொல்லை. அங்கே பல இடங்களில் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும், நம் சிம் செத்துவிடும். சுற்றுலா வருகிறவர்களுக்கே தெரிந்த விஷயம் இது. அந்தத் தம்பிக்குப் போன மாதம் 'பதில் இல்லை' என்று 11 தடவை பிடித்திருக்கிறீர்கள், 550 ரூபாய். நல்ல நண்டு கிடைக்கிற கரை அது. இனி அந்தப் பக்கம் போக அவன் ஏன் நினைப்பான்?

அடுத்து அந்த 42 கிலோ விஷயத்துக்கு வருகிறேன். என்னை அதிகம் வதைப்பது அதுதான்.

போன மாதம் 17ஆம் தேதி பிளான்ட்டிலிருந்து 42 கிலோ சதை திருப்பப்பட்டது. குரூப்பில் என் பெயரைப் போட்டு, விளக்கம் 10 நிமிடத்தில் வேண்டும் என்று கேட்டீர்கள். பத்து நிமிடத்தில் சொல்ல முடியாத விளக்கம் இது. இப்போது சொல்கிறேன்.

எங்கள் கொட்டகையில் ஒரு அக்கா இருக்கிறார். 20 வருடமாக நண்டு உடைக்கிறார். ஓட்டைப் பிளக்கும்போதே மூக்கில் பட்டுவிடும் அவருக்கு. கரையில் அவித்த நண்டுக்கு ஐஸ் பத்தாமல் போயிருந்தால், சதையைப் பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் ஓட்டின் மூலையில் லேசான ஒரு வாடை நிற்கும். தெர்மாமீட்டர் காட்டுவதற்கு முன்னால் அக்கா சொல்லிவிடுவார். "இந்தக் கூடை வேண்டாம்மா, தனியா வை" என்பார். நான் தனியே வைப்பேன். மறுநாள் காலை வாசலில் கொள்முதல் தம்பியைக் கூப்பிட்டு, ஐஸ் குறைஞ்சிருச்சாடா என்று கேட்பேன். அவன் ஆமாக்கா, இரண்டு பெட்டி குறைஞ்சிருச்சு என்பான். அன்றைக்கே சரியாகிவிடும். இப்படி 11 வருடத்தில் எத்தனை கூடை தனியே போயிருக்கும் என்று எனக்கே கணக்கில்லை. அவை உங்கள் காதுக்கு வரவில்லை, வரத் தேவையும் இருக்கவில்லை.

உங்கள் புது விதி, குறை இருந்தால் போட்டோ எடுத்து குரூப்பில் போடு என்கிறது. வாடையை எப்படிப் போட்டோ எடுப்பது? சரி, எழுதியே போடலாம் என்றாலும், முந்தின வாரம் என்ன நடந்தது? ஒரு கூடையில் உடைந்த நண்டு கிடந்ததை ஒரு பிள்ளை போட்டோ எடுத்துப் போட்டாள். கொள்முதல் தம்பியின் பெயர் சிவப்பு எழுத்தில் பட்டியலில் வந்தது, 500 ரூபாய் போனது. அவன் மனைவி அதே கொட்டகையில் அக்காவுக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து நண்டு உடைக்கிறாள். அன்று முழுக்க அந்த வரிசையில் ஒரு பேச்சு இல்லை.

17ஆம் தேதிக்கு முந்தின நாள் அக்காவுக்கு வாடை தெரிந்திருக்கிறது. என்னைத் தேடியிருக்கிறார். நான் வெளியே ஜன்னல் திண்டில் ஓகே போட்டுக்கொண்டிருந்தேன். குரூப்பில் போடச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் அந்தப் பெண் இருக்கிறாள், அவள் வீட்டில் உலை கொதிக்க வேண்டும். பேசாமல் உடைத்துவிட்டார். சதை போய்விட்டது, திரும்பி வந்தது. மூன்றாம் நாள் அவரே என் வீட்டுக்கு வந்து, அழுதுகொண்டே சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் மகள் இன்னொரு ஆராய்ச்சியும் சொன்னாள். ஏமி எட்மன்சன் என்கிற பேராசிரியர் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றி 1996இல் எழுதியது. நன்றாக வேலை செய்கிற குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனாராம். கணக்கில் அதிகமாக இருந்ததாம். தவறு அதிகம் நடந்ததால் அப்படி இல்லை, அங்கே தவறை வெளியே சொல்லப் பயம் இல்லாததால் வந்த கணக்கு என்று பிறகு புரிந்ததாம். ஐயா, சிவப்புப் பட்டியல் வந்த பிறகு குரூப்பில் குறை வருவது நின்றுபோயிருக்கிறது. அதைப் பார்த்து 'தரம் முன்னேறியுள்ளது' என்று பாராட்டுச் செய்தி போட்டிருந்தீர்கள். 42 கிலோ திரும்பி வந்தது அதற்கு நாலு நாள் கழித்து.

எழுத்தில் பேசுவதால் ஆளுக்கு ஆள் உறவும் கெட்டுப்போகிறது. ஒரு நாள் ஏர்வாடிப் பக்கம் பார்க்கும் தம்பிக்கு, 'ஏன் இவ்வளவு கம்மி?' என்று போட்டேன். கடல் மோசமா, கரைக்குப் படகு வரவில்லையா என்று கேட்கத்தான் போட்டேன். அவனோ, நண்டை வேறு கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்கிறாயா என்று நான் கேட்டதாக எடுத்துக்கொண்டான். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. நேரில் கேட்டிருந்தால் என் குரலிலேயே தெரிந்திருக்கும். இதற்கும் சோதனை இருக்கிறது. 2005இல் வெளிவந்த ஒரு ஆய்வில், மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா நிஜமா என்று படிப்பவர்கள் 78 சதவீதம் சரியாகப் பிடிப்பார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்களாம். பிடித்தது 56 சதவீதம். அதையே குரலில் சொன்னபோது 73. இந்த வித்தியாசத்தில்தான் ஒன்பது நாள் பேச்சு போச்சு.

ராத்திரிச் செய்திகளைப் பற்றி எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

எங்கள் பெண்களில் பாதிப் பேருக்குச் சொந்தப் போன் இல்லை. வீட்டுக்காரர் போன், மகன் போன். ஒரு பெண், வயது 26 இருக்கும். இரவு 11.10க்கு உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் அவளுக்குத் தனியாக, 'பார்த்துவிட்டு ஏன் பதில் போடவில்லை?' என்று அனுப்பியிருக்கிறார். செய்தியைத் திறந்தது பாடம் பார்த்துக்கொண்டிருந்த அவள் பையன். அதனால் படித்ததாகக் காட்டியிருக்கிறது. தனிச் செய்தியில் இந்த நீல டிக்கை மறைத்து வைக்கலாம், குரூப்பில் அதுவும் முடியாது. கடலிலிருந்து வந்து போனை எடுத்த கணவன் கண்ணில் பட்டது அந்த ஒரு வரிதான். மூன்று நாள் அவள் வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் மாமியாரோடு வந்தாள். அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ஆம்பளை எதுக்கும்மா மெசேஜ் போடணும்?" கம்பெனி வேலைம்மா என்றேன். "நண்டு அந்நேரத்துக்கு எங்கம்மா இருக்கு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அனுப்பியவர் தப்பான மனுஷர் கிடையாது, அவருக்கு மேலே இருப்பவர் பட்டியல் கேட்டிருப்பார். ஆனால் அந்த வீட்டில் அவள் மூன்று நாள் பட்ட பாட்டுக்கு யார் பொறுப்பு?

டிட்வா புயல் நேரம், 2025 நவம்பர் கடைசியில் நடந்ததும் இதோடு சேர்ந்ததுதான். அப்போதும் வேலை நாள் தகவலைக் குரூப்பில்தான் போட்டுக்கொண்டிருந்தீர்கள். 'நாளை வேலை இல்லை' என்ற செய்தி இரவு 10.40க்கு வந்தது. போன் இல்லாத ஆறு பெண்கள் விடியற்காலை கொட்டும் மழையில் நடந்து வந்து பூட்டிய கேட்டில் நின்றார்கள். பாம்பன் துறைமுகத்தில் ஒரு கூண்டு ஏற்றினால் எழுத்துத் தெரியாத மீனவனுக்கும் அன்றைக்குக் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று புரிந்துவிடும். எங்கள் தெருவுக்கு ஒருத்தியிடம் ஃபோனில் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த ஆறு பேரும் நனைந்திருக்க மாட்டார்கள்.

எனக்கும் இப்போது தலைமாட்டில் போன் வைத்துப் படுக்கிற பழக்கம் வந்துவிட்டது. சத்தம் வராதபோதும் வந்த மாதிரி எழுந்து பார்க்கிறேன். போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 150க்கு 100. வேலை அதிகமா அம்மா என்று நர்ஸ் கேட்டார். வேலை அதே வேலைதான் என்றேன். கனடாவில் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மின்னஞ்சலை ஒரு நாளைக்கு மூன்று தடவை மட்டும் பார்க்கச் சொன்ன வாரத்தில் மக்களுக்கு மன அழுத்தம் குறைந்தது என்று சொல்கிறது. பிரான்சில் 2017 ஜனவரியிலிருந்தும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்தும், வேலை நேரத்துக்கு வெளியே அழைப்புக்குப் பதில் தராமல் இருக்கத் தொழிலாளிக்கு உரிமை என்று சட்டமே இருக்கிறது. நம் மக்களவையில் 2018இல் சுப்ரியா சுலே என்கிற எம்.பி. இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கம்பெனி மனது வைத்தால் நாளைக்கே நடக்கும் காரியம் இது.

நாங்கள் கேட்பது இவை.

காலை 5.30 பேச்சைத் திரும்ப நடத்துங்கள். பதினைந்து நிமிடம் போதும், டீச் செலவு கூட எங்களுடையதாக இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாளாவது உங்களில் ஒருவர் வந்து நில்லுங்கள்.

பத்து நிமிட விதியையும் சிவப்புப் பட்டியலையும் எடுத்துவிடுங்கள். இந்த விதியின் பேரில் இதுவரை பிடித்த பணத்தை, தனுஷ்கோடித் தம்பியின் 550 ரூபாயிலிருந்து தொடங்கி, அடுத்த சம்பளத்தோடு திருப்பிக் கொடுங்கள்.

இரவு 8லிருந்து காலை 5 வரை செய்தி வேண்டாம். வண்டி விபத்து, ஐஸ் இல்லை, புயல், இந்த மூன்றுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுங்கள், எந்நேரமும் எடுப்பேன். பெண் தொழிலாளர்களின் தனி எண்ணுக்கு அலுவலகத்திலிருந்து யாரும் செய்தி அனுப்பக் கூடாது. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லுங்கள். வேலை நாள், வண்டி நேரம் எல்லாவற்றையும் முந்தின நாள் சாயங்காலம் 4 மணிக்குள் கொட்டகைப் பலகையில் எழுதிவிடுங்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துச் சொல்கிறேன்.

கொட்டகைக்குள் நான் இருக்கும் நேரத்தில் அவசரம் என்றால் வாசலில் ஒரு மணி கட்டுங்கள், எடைபோடும் பிள்ளை போனை எடுத்துவிட்டு மணி அடிக்கட்டும். குரூப் ஐந்தை இரண்டாக்குங்கள். ஒன்று வண்டிக்கும் ஐஸுக்கும், இன்னொன்று தரத்துக்கும் எடைக்கும். யாரும் ஓகே போடத் தேவையில்லை என்று நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்.

சரக்கு ஏற்றி வண்டி ஓடும் நேரத்தில் அது எங்கே நிற்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்வது நியாயம்தான். அதற்கு வண்டியில் கருவி பொருத்துங்கள், ஓட்டுகிறவன் போனில் வேண்டாம். வேலை முடிந்து வீட்டுக்குப் போனவன் எங்கே இருக்கிறான் என்பது கம்பெனிக்குத் தேவையில்லை.

இன்னொன்று. குறையை முதலில் சொல்கிறவருக்கும், அந்தக் குறைக்குக் காரணமாக இருந்து ஒத்துக்கொள்கிறவருக்கும் பணம் பிடிக்கப்படாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். அதை அக்காவின் கையில் நான் கொடுக்க வேண்டும். 42 கிலோவுக்கான தொகையை என் சம்பளத்தில் பிடிப்பதாக இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள், அவர் கூலியில் கை வைக்காதீர்கள்.

இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். அதைக் குரூப்பில் போட வேண்டாம். ஒரு நாள் காலை 5.30க்கு கொட்டகை வாசலுக்கு வாருங்கள், நாங்கள் எல்லாரும் அங்கேதான் இருப்போம்.

இப்படிக்கு,
கொட்டகை சூப்பர்வைசர்,
மண்டபம் பக்கம், ராமநாதபுரம் மாவட்டம்